எல்லாரும் பார்த்த படம்

"அந்தக் கையை மட்டும் பார்த்துக்கிட்டே இருக்கலாம் போல இருக்கு, ஜெசிந்தா" என்றாள் பூங்காவின் நிர்வாகி வசுமதி.

ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். கை எதுவும் இல்லை. சுவர் முழுக்க விரிந்திருந்த படத்தில் மணல்மேட்டின் மேல் அந்தக் கருங்கல் சிலை மண்டியிட்டிருந்தது. பின்னால் சாயங்காலக் கடல். புல்வெளியில் ஈ காக்கை இல்லை.

எந்தக் கை என்று கேட்க வாயெடுத்தவள், பக்கத்தில் நின்ற தேர்வுக்குழுப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அவர் கண் கலங்கியிருந்தது.

"முகத்தைக் காட்டாம எடுத்தீங்க பாருங்க, அதுதான் விஷயம்" என்றார் அவர். "முகம் தெரிஞ்சிருந்தா வெறும் சோகமாப் போயிருக்கும்."

"ஆமா சார்" என்றாள் ஜெசிந்தா.

சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற வழியில், கடலை ஒட்டி இருந்தது நெய்தல் சிற்பப் பூங்கா. அங்கே ஒன்பது வருடமாக அவள்தான் புகைப்படக்காரி. சிலைகளை எடுப்பது வேலையில் பாதி. சிலைக்கு முன்னால் வந்து நிற்கும் ஆள் என்ன ஆகிறான் என்பதை எடுப்பது மீதிப் பாதி. அவளுக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதிதான். தொடக்கூடாது என்ற பலகையைப் படித்துவிட்டு, சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒற்றை விரலால் தொட்டுப் பார்ப்பவர்கள். சிலையைப் பத்து நொடியும் அதன் பெயர்ப்பலகையைப் பத்து நிமிடமும் பார்ப்பவர்கள். துருப்பிடித்த இரும்பு யானைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சண்டை போடும் புதுமணத் தம்பதிகள். அறுபதடி தள்ளி நின்று, நீளமான லென்ஸில் இவர்களைப் பிடிப்பாள். யாரும் அவளைக் கவனிக்க மாட்டார்கள்.

பழுதுபார்ப்புக்காக மூடியிருந்த காட்சிக்கூடம் அடுத்த மாதம் மறுபடி திறக்க இருந்தது. அதற்கு முகப்பாக ஒரே ஒரு படம் வேண்டும். திருவான்மியூர் தொடங்கி சாலையோரத் திரைகளில் எல்லாம் அதுதான் ஓடும். ஜெசிந்தா நாற்பது படங்கள் கொடுத்திருந்தாள். குழுவில் இருந்த ஐந்து பேரும் வாக்குவாதமே இல்லாமல் இருபத்துமூன்றாவது படத்தைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அது அவள் எண்ணிக்கைக்காகச் சேர்த்த படம். சிலையின் கழுத்துக்குக் கீழே ஒரு பெரிய துளை உண்டு. அதற்குள் கடல் தெரிந்த விதம் அழகாக இருந்தது, பக்கத்தில் யாரும் இல்லாத நேரமும் வாய்த்தது, எடுத்தாள். அவ்வளவுதான்.

கூட்டம் முடிந்து எல்லாரும் தேநீருக்குப் போனபின் அவள் திரையின் முன் தனியாக நின்றாள். பக்கவாட்டில் நகர்ந்து பார்த்தாள். குனிந்து பார்த்தாள். வாசலில் காவலுக்கு இருந்த தனபாக்கியத்தைக் கூப்பிட்டாள்.

"இந்தப் படத்துல என்ன தெரியுது தனம்?"

"சிலை தெரியுது. அந்தப் பொண்ணு தெரியுது."

"எந்தப் பொண்ணு?"

தனபாக்கியம் அவளை ஒரு மாதிரி பார்த்தாள். "என்னா மேடம், நீங்க எடுத்துட்டு என்னைக் கேக்கிறீங்க. சிலையைக் கட்டிப் புடிச்சுக்கினு நிக்குதே. அழுவுதா சிரிக்குதான்னு தெரியல, முதுகுதான தெரியுது."

ஜெசிந்தா அன்றைக்கே இன்னும் மூன்று பேரை அழைத்துவந்து காட்டினாள். தோட்டக்காரர் "அந்தம்மா" என்றார். கணக்குப் பிரிவில் இருந்தவர் "ஒரு லேடி" என்றார். தேநீர்க்கடைக்காரர், "செருப்பைக் கழட்டி வெச்சுட்டு நிக்குது பாருங்க, அங்கதான் மேடம் நீங்க நிக்கிறீங்க" என்று பாராட்டினார். செருப்பும் அவளுக்குத் தெரியவில்லை. மறுநாள் அடையாறில் கண் மருத்துவரிடம் போனாள். அவர் சொட்டு மருந்து விட்டு, விளக்கடித்து, எழுத்துகளைப் படிக்கச் சொல்லி, ஐம்பது வயதை நெருங்குபவருக்கு இது ரொம்ப நல்ல பார்வை என்றார்.

அதற்குமேல் அவளுக்கு யாரிடமும் கேட்கத் தோன்றவில்லை. காகிதத்தில் ஒரு பிரதி எடுத்து, வீட்டுக்குக் கொண்டுபோய், வெயிலில் வைத்துப் பார்ப்போம் என்று நினைத்தாள். பூங்காவின் திரைகளையும் அச்சு இயந்திரத்தையும் பார்த்துக்கொள்கிறவன் இம்தியாஸ். முப்பத்தைந்து வயது, அதிகம் பேசாதவன். படத்தை அனுப்பியதும் இயந்திரம் ஒரு முறை முனகிவிட்டு நின்றது. அதன் சின்னத் திரையில் ஒரு வரி வந்தது. 'இப்படத்தில் பார்வை வரம்பு விதித்த நபர் உள்ளார். அச்சிட இயலாது.'

இம்தியாஸ் அந்த வரியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மேடம், இந்தப் படத்துல உங்களுக்கு ஆள் தெரியலையா?"

"தெரியல."

"உங்க கண்ணுல ஒண்ணும் இல்ல. உங்களை யாரோ விலக்கி வெச்சிருக்காங்க."

ஜெசிந்தா நாற்காலியில் உட்கார்ந்தாள். பார்வை உரிமைச் சட்டம் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. ஒரே திரை ஒவ்வொருவர் கண்ணுக்கும் ஒவ்வொரு படத்தை அனுப்பும் வித்தை வந்தபிறகு வந்த சட்டம் அது. தன் உருவம் யார் கண்ணுக்குப் படமாகப் போகக்கூடாது என்று யார் வேண்டுமானாலும் பதிந்து வைக்கலாம். அது அவளுக்கும் தெரியும். தன்னை ஒருவர் பதிந்து வைத்திருப்பார் என்றுதான் தோன்றியதில்லை.

"ஆளை மறைச்சா அந்த இடத்துல சாம்பல் கலர்ல ஒரு கட்டம் வருமே?"

"அது முதல் வருஷம். கட்டத்தைப் பாத்தா, ஓகோ இங்கதான் நிக்கிறாளான்னு தெரிஞ்சுபோகுதுன்னு கேஸ் போட்டாங்க. காகிதத்துல ஆளுக்கு ஆள் மாத்த முடியாது, அதான் அச்சடிக்கல. திரையில இப்ப கட்டம் கிடையாது. அவங்களுக்குப் பின்னாடி என்ன இருந்திருக்கும்னு மிஷினே யோசிச்சு வரைஞ்சுடும்."

"அப்ப அந்தத் துளைக்குள்ள நான் பார்க்கிற கடல்?"

"மிஷின் வரைஞ்ச கடல்."

அந்தக் கடலுக்காகத்தான் அவள் அந்தப் படத்தை எடுத்தாள்.

"எடுக்கிறப்ப கேமரா வழியாப் பார்த்தேனே இம்தியாஸ். அப்பவும் யாரும் இல்லையே."

"கேமராவுக்குள்ளயும் திரைதான மேடம் இருக்கு. அது உங்க கண்ணுன்னு அதுக்குத் தெரியும். கேமராவை இறக்கிட்டு வெறுங்கண்ணால பாத்தீங்களா?"

லென்ஸை ஒரு முறை கண்ணில் வைத்தால் சாயங்காலம் முழுக்க அதை எடுக்காதவள் அவள்.

"யாருன்னு பதிவேட்டுல இருக்கும்ல? நீ பார்க்க முடியுமா?"

"முடியாது. முடிஞ்சாலும் பாக்க மாட்டேன்." இம்தியாஸ் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எங்க கூடப்பொறந்த லாத்தா அந்த விலக்குப் பட்டியலாலதான் இன்னிக்கு உசிரோட இருக்கு. அதைக் கட்டின ஆள் ஊர் ஊராத் தேடுறான். கல்யாண வீட்டுல யாரோ எடுக்கிற படத்துல எங்க லாத்தா நின்னா, அவன் கண்ணுக்கு வெறும் சுவருதான் தெரியும். உங்களை அவனோட சேத்துப் பேசல மேடம், மன்னிச்சுக்கோங்க. ஆனா ஒருத்தங்க ஏன் விலக்குனாங்கன்னு வெளிய இருந்து யாரும் சொல்ல முடியாது."

"நான் யாருக்கு என்ன பண்ணேன்?"

அவன் தோளைக் குலுக்கினான். அவள் கேட்டது அவனிடம் அல்ல என்பது அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில் அவளுக்கு ஒரே ஒரு பெயர்தான் நினைவுக்கு வந்தது. தங்கை ஃபிலோமினா.

அந்தச் சிலையே ஜெசிந்தாவின் படம் ஒன்றிலிருந்து வந்ததுதான். பதினேழு வருடத்துக்கு முன்னால், தூத்துக்குடிப் பக்கத்தில் அவர்கள் பிறந்த கடற்கரை ஊரில், புயலுக்கு முந்தைய நாள் கடலுக்குப் போன ஏழு பேர் திரும்பவில்லை. ஃபிலோமினாவின் புருஷன் மிக்கேலும் அதில் ஒருவன். மூன்றாம் நாள் காலையில் படகின் உடைந்த பலகையை இழுத்துக்கொண்டு வந்தார்கள். பலகையில் எழுதியிருந்த பெயரைப் பார்த்ததும் ஃபிலோமினா மணலில் விழுந்து மண்டியிட்டாள். அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு ஆறு வயது மகள் செலின். ஜெசிந்தா அப்போது ஒரு பத்திரிகைக்காகப் புயலைப் படமெடுக்க வந்திருந்தாள். கையில் கேமரா இருந்தது. எடுத்தாள்.

அந்தப் படம் உலகமெல்லாம் போனது. தாய் வானத்தைப் பார்த்து அலற, குழந்தை மட்டும் நேராகப் பார்ப்பவரைப் பார்க்கும். அந்தப் பார்வையைப் பற்றிக் கட்டுரைகள் வந்தன. மனிதகுலத்தின் மனசாட்சியைக் கேள்வி கேட்கும் கண்கள் என்று ஒருவர் எழுதினார். பிறகு ஒரு சிற்பி அதைக் கல்லில் செய்தார். குழந்தையை மட்டும் அவர் செய்யவில்லை. அந்தப் பார்வை தன் உளிக்கு வராது என்று சொல்லி, அது இருந்த இடத்தை அப்படியே குடைந்து துளையாக விட்டுவிட்டார். வருகிறவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. அந்தத் துளைக்குள் தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஃபிலோமினா அதைப் பற்றி எதுவும் பேசியதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அக்காவும் தங்கையும் கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் பார்த்துப் பேசிக்கொள்வதோடு சரி. ஆக, பிலோதான் விலக்கியிருக்கிறாள். ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சென்னைக்கு வந்து, தன் சிலையைத் தானே கட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். அக்காவிடம் வரவில்லை.

மறுநாள் காலை ஃபோன் செய்தாள்.

"என்னக்கா, இப்பிடி நாளும் கெழமையும் இல்லாம கூப்புடுத? மேலுக்கு எதுவும் சரியில்லையா?"

"பிலோ, நான் உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். பதினேழு வருஷமாக் கேட்டிருக்கணும்."

"என்னத்துக்கு?"

"அந்தப் படத்துக்கு."

ஃபோனில் கொஞ்ச நேரம் மிக்ஸி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அது நின்றது.

"கோவம் இருந்துச்சுக்கா. இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா எனக்கு அந்த நாளே நெனப்பில்ல பாத்துக்க. நான் அழுதேன்னு எனக்கே அந்தப் படத்தப் பாத்துதான் தெரியும். அழுகாம கல்லு மாதிரி நின்னுட்டமோன்னு எத்தன நாள் நெனச்சிருப்பேன். அழுதிருக்கேன். அது போதும்."

"அப்புறம் ஏன் என்னை விலக்கின?"

"வெலக்குனேனா? நானா? எனக்கு அதெல்லாம் அமுக்கத் தெரியுமாக்கா? ஆதார் நம்பரக்கூட செலின்தான் போட்டுத் தருவா."

"நீ மெட்ராஸ் வந்தியா? பூங்காவுக்கு?"

"நான் எங்க வந்தேன்? மாதா கோயில் தெருவத் தாண்டி ஆறு மாசம் ஆச்சு, இந்த முட்டு வலியோட."

ஜெசிந்தா நம்பவில்லை. தங்கைக்குப் பொய் சொல்லி வழக்கமில்லை, ஆனாலும் நம்பவில்லை. ஃபோனை வைத்துவிட்டு ஒரு காரியம் செய்தாள். பிலோ தன்னை விலக்கியிருந்தால், பழைய படத்திலும் பிலோ தெரியக்கூடாது அல்லவா? அந்தப் படத்தை அவள் திறந்து பார்த்து ஆறேழு வருடம் இருக்கும். பார்க்க வேண்டிய தேவை வந்ததில்லை. கண்ணை மூடினாலே தெரிகிற படம்.

திரையில் அது திறந்தது. ஃபிலோமினா இருந்தாள். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து அலறிக்கொண்டு, மணலில் மண்டியிட்டு, அப்படியே இருந்தாள். ஜெசிந்தா பெருமூச்சு விட்டாள். அப்புறம்தான் கவனித்தாள். பிலோவின் கழுத்தைச் சுற்றி எதுவும் இல்லை. தோளில் சேலை மடிப்பு ஒழுங்காக இருந்தது. மார்புக்குப் பக்கத்தில், கண்கள் இருக்க வேண்டிய இடத்தில், ஈர மணலும் ஓர் அலையும் இருந்தன. மிக நன்றாக வரையப்பட்ட அலை.

குழந்தை இல்லை.

அவள் மறுபடியும் ஃபிலோமினாவை அழைத்தாள்.

"செலின் எங்க இருக்கா பிலோ?"

"மெட்ராஸ்லதான். கட்டட வரைபடம் போடுற ஆபீஸ்ல வேலைக்குச் சேந்து எட்டு மாசம் ஆச்சே. ஒன்ன வந்து பாக்கேன்னு சொன்னாளே? வரலையா?"

ஜெசிந்தா செலினைக் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. அதற்குப்பின் ஊருக்குப் போன ஒவ்வொரு முறையும் அவள் விடுதியில் இருந்தாள், அல்லது தோழி வீட்டுக்குப் போயிருந்தாள், அல்லது பரீட்சை. அது தற்செயல் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தாள். பதினெட்டு வயது நிறைந்தவர் தன் குழந்தைப்பருவப் படங்களுக்கும் சேர்த்து விலக்குக் கேட்கலாம் என்று சட்டத்தில் இருந்தது. பிறந்தநாளுக்கு மறுநாளே பதிந்திருப்பாளோ?

பிலோவிடம் எண்ணை வாங்கிக்கொண்டாள். ஆனால் பேசவில்லை. இம்தியாஸ் சொன்னது காதிலேயே இருந்தது. ஒதுங்கிப் போனவளைத் தேடிப் போவதற்குத் தனக்கு என்ன உரிமை? தேடாமல் இருந்தால் மட்டும் அது மரியாதையா, அல்லது பழைய சௌகரியமா? இரண்டு நாள் இதையே முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தாள். எதுவும் தெளியவில்லை. கடைசியில் ஒரு செய்தி எழுதினாள்.

'செலின், நான் ஜெசிந்தா பெரியம்மா. நீ சிலைகிட்ட நின்ன படம் ஒண்ணு நான் எடுத்திருக்கேன். எனக்கு அதுல நீ தெரியல. மத்தவங்க சொல்லித்தான் தெரியும். அதைக் காட்சிக்கு வைக்கப் போறாங்க. உனக்கு வேண்டாம்னா எடுத்துடுறேன். புதன்கிழமை நாலு மணிக்கு அங்க இருப்பேன். கேமரா எடுத்துட்டு வர மாட்டேன். நீ வந்தே ஆகணும்னு இல்ல.'

பதில் வரவில்லை.

புதன்கிழமை அவள் கேமரா இல்லாமல் பூங்காவுக்குள் நடந்தபோது கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சிலைக்குப் பக்கத்தில் சவுக்கு மர நிழலில் உட்கார்ந்தாள். நாலரை மணி வரை பள்ளிப் பிள்ளைகள் துளைக்குள் தலையை நீட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் போனபின் ஒரு பெண் மேட்டின்மேல் ஏறி வந்தாள். வெளிர்நீலச் சுடிதார், தோளில் வரைபடக் குழாய். ஜெசிந்தாவைத் தாண்டிப் போனாள். நின்றாள். திரும்பி, சந்தேகத்தோடு பார்த்தாள்.

"பெரியம்மா?"

"ஆமா."

"எனக்கு அடையாளமே தெரியல. இவ்ளோ நரைச்சுட்டீங்களா?"

"நரைச்சு நாலு வருஷம் ஆச்சே. உங்கம்மா வீட்டுல போன கிறிஸ்துமஸுக்கு எடுத்த படம்கூட இருக்குமே."

"எனக்கு அதுல நீங்க தெரிய மாட்டீங்க" என்றாள் செலின். "உங்களுக்குத் தெரியாதா? ஒருத்தரை விலக்கினா ரெண்டு பக்கமும் விலகும். சட்டம் அப்படித்தான். நான் யாரை விலக்குறேனோ அவங்க எனக்கும் எந்தப் படத்துலயும் வர மாட்டாங்க."

ஜெசிந்தாவுக்குத் தெரியாது.

"என் ஞானஸ்நானப் படத்துல என்னைத் தூக்கி வெச்சிருந்தது நீங்களாமே? அம்மா சொல்லுவாங்க. எனக்கு அதைப் பார்த்தா, ஒரு கைக்குழந்தை வெள்ளை கவுன் போட்டுக்கிட்டு அந்தரத்துல மிதக்குது." சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை. குழாயைப் புல்லில் வைத்துவிட்டு, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"உன் படத்தை எடுத்தேன்னு உனக்குக் கோவமா?"

"எந்தப் படத்தை?"

"அந்தப் பழைய படத்தை. அதைத்தான் கேக்கிறேன்."

செலின் சிலையைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துல எங்களுக்குப் பாடமே வெச்சாங்க, அந்தப் படத்தைப் பத்தி. அந்தக் குழந்தை நான்தான்னு டீச்சருக்குத் தெரியாது. 'இந்தச் சிறுமி யாரைப் பார்க்கிறாள்?' அப்படின்னு ஒரு கேள்வி. 'உலகத்தைப் பார்க்கிறாள்'னு எழுதினா ரெண்டு மார்க்."

"நீ என்ன எழுதின?"

"எங்க பெரியம்மாவைப் பார்க்கிறேன்னு எழுதினேன். தப்புன்னு அடிச்சுட்டாங்க."

கடலிலிருந்து காற்று வீசியது. ஜெசிந்தா தலையை நிமிர்த்தவில்லை.

"அம்மா கீழ விழுந்துட்டாங்க. எனக்கு என்னன்னு புரியல. சுத்தி ஒரே சத்தம். அப்ப நீங்க நிக்கிறதைப் பார்த்தேன். பெரியம்மா நிக்கிறாங்க, வந்து தூக்கிக்குவாங்கன்னு நினைச்சு உங்களையே பார்த்தேன். உங்க மூஞ்சி தெரியல, கேமராதான் தெரிஞ்சுது. நீங்க அதை இறக்குவீங்க இறக்குவீங்கன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன். அதைத்தான் பெரியம்மா எல்லாரும் மனசாட்சிங்கிறாங்க."

அந்தக் காலையை ஜெசிந்தா எத்தனையோ முறை நினைத்திருக்கிறாள். வெளிச்சம், மணலின் ஈரம், எத்தனை படம் எடுத்தோம், எது நன்றாக வந்தது, எல்லாம் நினைவிருந்தது. அதற்குப் பிறகு குழந்தையை யார் தூக்கினார்கள் என்பது நினைவில்லை.

"யார் உன்னைத் தூக்கினது?" என்று கேட்டாள்.

"தெரியல. மீன் ஏலம் போடுற ஒரு ஆச்சின்னு நினைக்கிறேன். ஐஸ் வாசம் அடிச்சுது."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது. பிலோவிடம் எளிதாக வந்த சொல் இங்கே வாய்க்குள்ளேயே நின்றது. தான் அன்று குழந்தையைத் தூக்கியிருந்தால் அந்தப் படம் இருந்திருக்காது. பிலோவுக்குத் தான் அழுதது தெரிந்திருக்காது. பின்னாளில் ஊருக்கு வந்த கடல் எச்சரிக்கைக் கருவிகளும் அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வந்தன என்று சொல்வார்கள். இதையெல்லாம் கூட்டிக் கழித்துப் பார்க்கலாமா கூடாதா என்றே அவளுக்குப் புரியவில்லை.

"தப்புதான்" என்று மட்டும் சொன்னாள்.

"ம்" என்றாள் செலின்.

"இங்க எதுக்கு வந்த? சிலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னியாமே."

"அந்தத் துளை என் அளவுக்குச் செஞ்சதுன்னு படிச்சேன். இன்னும் பொருந்துறேனான்னு பார்த்தேன். தோள் நுழையல, கைதான் நுழைஞ்சுது." கையை நீட்டிக் காட்டினாள். முழங்கைக்குக் கீழே கல் சிராய்த்த தழும்பு மங்கலாக இருந்தது. "நீங்க அங்க நின்னு எடுத்தது தெரியாது. தெரிஞ்சிருந்தா வந்திருக்க மாட்டேன்."

"படத்தை எடுத்துடுறேன். வசுமதிகிட்ட நாளைக்கே சொல்லிடுறேன்."

"வேண்டாம்."

"செலின்..."

"நான் உலகத்தை விலக்கலையே. ஒருத்தரைத்தான் விலக்கினேன். அந்தப் படத்தைச் சாலைத் திரையில இப்பவே போட ஆரம்பிச்சுட்டாங்க, பார்த்தேன். நல்லா இருக்கு. நீங்க எடுத்ததுலயே அதுதான் நல்ல படம்." கொஞ்சம் யோசித்தாள். "நீங்க பார்க்காம எடுத்ததுனாலயோ என்னவோ."

ஜெசிந்தாவால் அதற்குக் கோபப்படவும் முடியவில்லை, சிரிக்கவும் முடியவில்லை.

"விலக்கை எடுத்துடுவியா?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக்கூடாது என்று நினைத்தாள்.

"தெரியல. எடுத்துட்டா நீங்க வீட்டுல உட்கார்ந்து அந்தப் படத்தையே பார்த்துக்கிட்டு இருப்பீங்க. எனக்குத் தெரியும் உங்களை." செலின் எழுந்து குழாயைத் தோளில் மாட்டிக்கொண்டாள். "எனக்குப் புதன்கிழமை அரை நாள்தான் வேலை."

அது அழைப்பா, வெறும் தகவலா என்று பேருந்து நிறுத்தம் வரை யோசித்தும் ஜெசிந்தாவுக்குப் பிடிபடவில்லை. ஆனாலும் அடுத்த புதன்கிழமை போனாள். அதற்கடுத்த புதன்கிழமையும் போனாள். ஒரு நாள் செலின் வந்தாள், ஒரு நாள் வரவில்லை. வந்த நாளில் பழைய விஷயம் எதுவும் பேசவில்லை. இரும்பு யானைக்கு ஏன் மூன்று கால் மட்டும் வைத்தார்கள் என்று அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

காட்சிக்கூடம் திறந்த அன்று நல்ல கூட்டம். முகப்பில் அந்தப் படம். ஜெசிந்தா இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று வசுமதி சொல்லியிருந்தாள். மைக்கைப் பிடித்து, "இந்தப் படத்தை எடுத்தவள் நான். ஆனா இதுல இருக்கிறவங்களை நான் இன்னும் பார்க்கல. உங்கள்ல யாராவது சொன்னா கேட்டுக்குவேன்" என்றாள். தத்துவமாகப் பேசுகிறாள் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். பின்வரிசையில் இம்தியாஸ் மட்டும் தட்டாமல் நின்றான்.

அதன்பிறகு ஆட்கள் வந்து வந்து சொன்னார்கள். இளைப்பாறுகிற மாதிரி இருக்கிறாள் என்றார் ஒருவர். சண்டைக்குப் போகிற மாதிரி இருக்கிறாள் என்றாள் ஒரு மாணவி. காது வைத்துக் கேட்கிற மாதிரி என்றார் இன்னொருவர். ஜெசிந்தா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். ஒன்றோடொன்று ஒட்டவே இல்லை.

கூட்டம் கலைகிற நேரத்தில் செலின் வந்து பக்கத்தில் நின்றாள். படத்தைப் பார்த்தாள். விழாவுக்கு வந்திருந்த புகைப்படக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு, "மேடம், ரெண்டு பேரும் கொஞ்சம் நெருங்கி நில்லுங்க" என்றார். ஜெசிந்தா தயங்கினாள். செலின் அவள் தோளில் கையைப் போட்டாள். கை கனமாக, கொஞ்சம் சூடாக இருந்தது.

மறுநாள் காலை அந்தப் படம் எல்லாருக்கும் வந்தது. வசுமதி, 'அம்மாவும் பொண்ணும் போல இருக்கீங்க, யார் அது?' என்று கேட்டிருந்தாள். ஜெசிந்தா படத்தைத் திறந்தாள். கூடத்தின் நடுவில் அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். உடம்பு இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருந்தது. அந்தப் பக்கம் தரையும் சுவரும் பளிச்சென்று வரையப்பட்டிருந்தன. தோளில் சேலை மட்டும் காரணமில்லாமல் அமுங்கியிருந்தது.

அப்போது செலினிடமிருந்து செய்தி வந்தது.

'எனக்கு வந்த படத்துல நான் மட்டும் காத்துல கையைப் போட்டுக்கிட்டு நிக்கிறேன், லூசு மாதிரி. நீங்க சிரிச்சுக்கிட்டு இருக்கீங்களா? எனக்குத் தெரியாதில்ல, சொல்லுங்க.'

ஜெசிந்தா படத்தைப் பெரிதாக்கித் தன் முகத்தைப் பார்த்தாள். உதடு ஒரு பக்கம் போயிருந்தது. கண் வேறு எதையோ செய்துகொண்டிருந்தது. இருபத்தைந்து வருடமாக ஊரார் முகங்களைப் பார்த்து, இது இன்னது என்று சொல்லிப் பழகியவள், வெகு நேரம் பார்த்தாள்.

பிறகு பதில் எழுதினாள்.

'சிரிப்பான்னு எனக்கே தெரியல. வேற யாரையாவது கேட்டுச் சொல்றேன்.'